புதுப்பித்த வீட்டில் காற்று எந்த வழியால் வெளியேறும்?

(கிண்ணியாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பனிடப்பட்டது.)

தலைவர் அவர்களே, அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, உலமாக்களே, ஆசிரியர்களே, தாய்மாரே, மேசன்மாரே, ஓடாவிமாரே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

மேசன்மாரையும் ஓடாவிமாரையும் தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு. இன்று நான் பேசப்போவதில் பாதி அவர்களுடைய தொழில். அவர்கள் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

மாடிக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று என்னவாகிறது என்று பேசுமாறு அமைப்பாளர்கள் கேட்டார்கள். கிண்ணியாவில் எத்தனை மாடிக் குடியிருப்பு இருக்கிறது என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சரி, மாடிக் குடியிருப்பை ஒரு பக்கம் வைப்போம். புதுப்பிக்காத வீடு இந்த ஊரில் எத்தனை? சுனாமிக்குப் பின் கட்டியது, பிறகு ஓர் அறை கூட்டியது, மாபிள் பதித்தது, அலுமினிய யன்னல் போட்டது, சீலிங் அடித்தது என்று எல்லா வீட்டிலும் ஒரு வேலை நடந்திருக்கிறது, அல்லது நடந்துகொண்டிருக்கிறது. அதனால் தலைப்பை நான் இந்த ஊருக்கே கொண்டுவருகிறேன். வெளிநாட்டு மாடிக் கட்டடங்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டைப் புதுப்பிக்கும்போது காற்று உள்ளே வரும் வழியைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். முன்பிருந்ததைவிடப் பெரிய யன்னலே போடுகிறோம். வெளியேறும் வழியைத்தான் ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறோம். ஒரே ஆள் ஒரே நாளில் அடைத்தால் கண்ணில் படும். மேசன் ஒன்றை, ஓடாவி ஒன்றை, அலுமினிய வேலைக்காரர் ஒன்றை, சீலிங் அடிப்பவர் ஒன்றை என்று பத்து வருடத்தில் அடைபடுவதால் அது யார் கணக்கிலும் வருவதில்லை.

1. காற்று உள்ளே வருவது, வெளியே போக இடம் இருப்பதால்தான்

ஒரு சுவரில் மட்டும் யன்னல் வைத்த அறையை எடுத்துக்கொள்ளுங்கள். யன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடற்காற்று அதில் மோதி, திரையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுத் திரும்பிவிடும். எதிர்ச்சுவரில் ஒரு துவாரம் இருந்தால் அதே காற்று அறையைக் கடந்து போகும். எதிர்த்துவாரம் சிறிதாக இருந்தாலும் நன்மை உண்டு. இல்லாமலே இருப்பதுதான் கேடு.

காற்றைத் தள்ளுவதற்கு இயற்கையில் இரண்டு விசைகள் உண்டு. ஒன்று சூடான காற்று மேலெழுவது. மற்றது வெளியே வீசும் காற்றின் அழுத்தம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழ்த்துவாரத்துக்கும் மேல்துவாரத்துக்கும் 3 மீற்றர் உயர வித்தியாசம், வீட்டுக்குள் வெளியைவிட 5 பாகை அதிக சூடு என்றால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.6 பாஸ்கல். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில், அதாவது மரத்து இலை அசையும் அளவுக்கு வீசும் காற்று சுவரில் மோதினால் 5 பாஸ்கலுக்கு மேல் கிடைக்கும். எட்டு, ஒன்பது மடங்கு வித்தியாசம். கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் இரு புறமும் கிடக்கிற ஊரில் காற்றோட்டத்துக்கு விசிறியே தேவையில்லை என்று இதிலிருந்து தோன்றும். பகலுக்கு அது பெரும்பாலும் உண்மை. ஆனால் இலை அசையாத இரவில் அந்த 0.6 பாஸ்கல் மட்டுமே நமக்கு மிச்சம். அது வேலை செய்ய வேண்டுமானால் சுவரின் உச்சியில் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நமது காற்று வருடம் முழுவதும் ஒரே திசையில் வீசுவதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டைக் கடந்து ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி மேற்கிலிருந்து வருகிறது கச்சான். மத்தியானத்துக்குப் பிறகு சில நாட்களில் கடற்காற்று அதை எதிர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழையோடு வடகிழக்கிலிருந்து வரும். கச்சானுக்கு நுழைவாயிலாக இருந்த யன்னல் வாடைக்கு வெளிவாசல் ஆகிவிடும். ஆகவே இது காற்று வரும் சுவர், இது போகும் சுவர் என்று பிரித்துக் கட்ட முடியாது. இரு பக்கமும் திறப்பு வேண்டும். மழைச்சாரல் அடிக்கும்போதும் மூட வேண்டியிராதபடி இறவாணத்துக்குக் கீழே ஒன்றாவது வேண்டும். பழைய வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தார்கள். பல்லி வரும், குருவி கூடு கட்டும் என்று இப்போது அதைச் சீமெந்தால் பூசிவிடுகிறோம்.

2. வீடு தன் யன்னல்களைத் தானே விழுங்குகிறது

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் எழுந்த வீடுகளுக்கு அரசு வகுத்த ஆகக்குறைந்த அளவு 500 சதுர அடி. முற்றாக இடிந்த வீட்டைத் தாமே கட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டரை இலட்சம் ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது. பகுதி சேதத்துக்கு ஓர் இலட்சம். வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். அதற்கிடையில் பலர் உள்ளே நகர்ந்து, நெருக்கமான திட்ட வீடுகளில் குடியேறினார்கள்.

அந்த 500 சதுர அடி வீட்டைப் பலரும் குறை சொல்வார்கள். சின்னது, குறுகலானது, ஒரே அச்சில் வார்த்தது என்பார்கள். காற்றைப் பொறுத்தவரை நான் அதன் பக்கம். வீடு சிறிதாக இருந்ததால் அநேகமாக எல்லா அறைக்கும் இரண்டு வெளிச்சுவர் கிடைத்தது. சிக்கல் பிறகுதான் தொடங்கியது.

கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். தமிழர் வீட்டிலும் அப்படி, முஸ்லிம்கள் வீட்டிலும் அப்படி. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசும்போது முன்பக்கத்தில் ஒரு மண்டபம் எழும். இரண்டாவது மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு. வாப்பாவும் உம்மாவும் பின்பக்கம் ஒதுங்குவார்கள். இந்த வழக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. பெண்ணுக்குச் சொந்தக் கூரை தருகிற ஏற்பாடு உலகத்தில் அதிகமில்லை. அதன் கட்டட விளைவை மட்டும் பாருங்கள். முன்னால் ஓர் அறை கூட்டியதும் பழைய அறையின் யன்னல் புது அறைக்குள் திறக்கிறது. பக்கத்தில் கராஜ் போட்டதும் இன்னொரு யன்னல் கராஜுக்குள் திறக்கிறது. பின்னால் குளியலறை சேர்த்ததும் மூன்றாவது சுவரும் போயிற்று. பத்து வருடத்தில் வீட்டின் நடுவில் ஓர் அறை வெளிச்சுவரே இல்லாமல் நிற்கும். அதற்கு யன்னல் மூன்று உண்டு. மூன்றும் வீட்டுக்குள்ளேயே திறக்கும். யன்னல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தால் இது பிடிபடாது.

மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு வளவைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்தது. பெண்கள் முற்றத்தில் நடமாட அது மறைப்புக் கொடுத்தது, காற்றை மறைக்கவில்லை. வருடா வருடம் மாற்ற வேண்டிய செலவும் கறையான் தொல்லையும் தாங்காமல் சீமெந்துக்கல் மதிலுக்கு மாறினோம். ஆறடி, ஏழடி மதில் யன்னலுக்கு நான்கடி தூரத்தில் நின்றால், அந்த யன்னலுக்கு வர வேண்டிய காற்று மதிலின் தலையைத் தாண்டிக் கூரைமேல் போய்விடும். மறைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துளை வைத்த சீமெந்துக்கல்லை இரண்டு வரிசை மாற்றி அடுக்கினால் ஆள் தெரியாது, காற்று வரும். செலவும் பெரிதாக ஏறாது. கிடுகு செய்த இரண்டு வேலையில் ஒன்றைத்தான் மதிலிடம் கேட்டோம். மற்றதைக் கேட்டிருந்தால் அதையும் செய்திருக்கும்.

3. குசினி

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன. வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த நிறுவனம் 2021இல் தன் காற்றுத் தர வழிகாட்டியை இறுக்கியது. 2.5 மைக்ரோனுக்குச் சிறிய நுண்துகள் வருடச் சராசரியில் கனமீற்றருக்கு 10 மைக்ரோகிராம்வரை இருக்கலாம் என்றிருந்ததை 5 ஆக்கியது. ஒரு நாள் அளவு 15. விறகடுப்பு எரியும் மூடிய குசினியில் இந்த எண்களைப் பேசுவதே வேடிக்கை. அங்கே சமைக்கும் நேரத்தில் அளவு நூற்றுக்கணக்கில் போகும்.

நமது பழைய குசினி வீட்டை விட்டுத் தள்ளி நின்றது. கிடுகுக் கூரையின் ஒவ்வொரு இடுக்கிலும் புகை கசிந்து வெளியேறியது. உம்மாமாரின் கண் எரியாமல் இருந்தது என்று சொல்ல மாட்டேன், எரிந்தது. ஆனாலும் புகைக்குப் போக இடம் இருந்தது. பிறகு காஸ் வந்தது. காஸில் புகை இல்லை என்பதால் குசினி வீட்டுக்குள் வந்தது. பென்ட்ரி அலுமாரி, சுவர் முழுக்க மாபிள், ஒரு ஸ்லைடிங் யன்னல். புகைக்கூடு எதற்கு, விறகு எரிக்கப் போகிறோமா என்று மேசனிடம் வேண்டாம் என்றோம். அப்போது அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

பதில் 2021 கடைசியில் வந்தது. காஸ் சிலிண்டர்களில் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறி, நாடு முழுவதும் வெடிப்புகளும் தீயும் செய்தியாயின. அடுத்த வருடம் டொலர் தட்டுப்பாட்டில் காஸே வரவில்லை. சிலிண்டரைச் சங்கிலியில் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போன நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். விறகு திரும்ப வந்தது. ஆனால் அது திரும்பி வந்த குசினி பழைய குசினி அல்ல. மாபிளும் சீலிங்கும் அடித்த, உச்சியில் துவாரமில்லாத குசினி. கராஜில் அடுப்பு மூட்டியவர்கள் புத்திசாலிகள். பென்ட்ரிக்கு முன்னால் மூட்டியவர்கள் புகையை வரவேற்பறை வழியாக, படுக்கையறை வழியாகத்தான் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. எரிபொருள் மாறும்போது வீடு மாறாது. ஆகவே எந்த எரிபொருளுக்கும் தாங்குகிற மாதிரித்தான் குசினியைக் கட்ட வேண்டும்.

அனகி அடுப்பைப் பற்றி யாராவது கேட்பீர்கள். 1980களில் நமது நாட்டிலேயே உருவாகிப் பரவிய இரண்டு வாய் மண்ணடுப்பு அது. விறகை நன்றாக மிச்சம் பிடிக்கும், அதனால் புகையும் குறையும். நல்ல அடுப்பு. ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. மிச்சப் புகையை வெளியேற்றுவது குசினியின் பொறுப்பாகத்தான் இருக்கிறது.

காஸுக்குத் திரும்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை. விறகுப் புகை மேலே போகும். கசிந்த காஸ் கீழே போகும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரம் கூடியவை. பென்ட்ரிக் கதவுக்குள்ளே சிலிண்டரை மூடி வைத்தால் கசிந்த வாயு நிலத்தோடு படிந்து, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே குசினிக்கு இரண்டு வெளிவழி வேண்டும். உச்சியில் ஒன்று, நிலமட்டத்தில் வெளிச்சுவரில் ஒன்று.

எக்ஸோஸ்ட் விசிறி போட்டிருக்கிறோம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கே போட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலான வீட்டில் யன்னலுக்கு நேர்மேலே, அல்லது யன்னலிலேயே ஒரு கண்ணாடியைக் கழற்றி அங்கே. விசிறி சுற்றும்போது திறந்த யன்னலால் வரும் சுத்தமான காற்றையே அது இழுத்து உடனே வெளியே தள்ளும். மூன்றடி தள்ளி அடுப்பில் மீன் பொரிகிற புகை இருந்த இடத்திலேயே நிற்கும். விசிறி அடுப்புக்கு மேலேயும், காற்று நுழையும் வழி அறையின் மறுகோடியிலும் இருக்க வேண்டும். அடுப்புக்கு மேல் மாட்டுகிற ஹூட்டிலும் இரண்டு வகை உண்டு. குழாயால் வெளியே அனுப்புவது ஒன்று. கரி வடியில் வடிகட்டி அதே அறைக்குள் விடுவது மற்றது. இரண்டாவது வகை எண்ணெயைப் பிடிக்கும். நுண்துகளையும் ஈரத்தையும் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். கடையில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

4. படுக்கையறை

2017 மார்ச்சை இந்த ஊர் மறக்காது. நாடு முழுவதையும் அந்த வருடம் பீடித்த டெங்கு முதலில் கடுமையாகத் தாக்கிய இடங்களில் கிண்ணியா ஒன்று. பாடசாலைகளை மூடினார்கள். நாட்டில் அந்த வருடம் 186,000க்கு மேற்பட்ட நோயாளர்கள் பதிவானார்கள். அதன் பிறகு யன்னல்களை மூடிப் படுக்கிற பழக்கம் வேரூன்றியது. யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் மூடிய அறைக்குள் நாம் என்ன செய்கிறோம்? நுளம்புச் சுருள் கொளுத்துகிறோம். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரட்டுகளுக்குச் சமம் என்றது. சிகரட் பிடிக்காத வீட்டில் பிள்ளையின் தலைமாட்டில் இது நடக்கிறது. டெங்குவைப் பரப்பும் நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், காலையிலும் மாலையிலும். இரவு முழுக்க சுருள் எரித்து அதைத் தடுக்க முடியாது. இரவில் கடிக்கும் நுளம்புக்கு வலை போதும். யன்னலுக்கும் வலை அடிக்கலாம். ஆனால் நெருக்கமான வலை காற்றில் கணிசமான பங்கைத் தடுக்கும். தூசி படிந்தால் இன்னும் தடுக்கும். ஆகவே வலை அடிப்பவர் யன்னலைப் பெரிதாக்க வேண்டும், மாதம் ஒரு தடவை வலையைக் கழுவ வேண்டும். சிறிய யன்னலுக்கு வலை அடித்துவிட்டு உள்ளே புழுங்குகிறது என்று ஏசி வாங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் நிறையப் பேர். சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏசி ஒரு துளி வெளிக்காற்றையும் கொண்டுவராது. அறையில் இருக்கும் காற்றையே எடுத்துக் குளிர்த்தித் திரும்ப விடும். 10க்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்றால் சுமார் 30 கனமீற்றர் காற்று. வாப்பா, உம்மா, இரண்டு பிள்ளைகள் உறங்குகிறார்கள். நால்வரும் மணித்தியாலத்துக்குச் சுமார் 45 லீற்றர் காபனீரொட்சைட் விடுவார்கள். கதவிடுக்கால் கசிந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை அறைக்காற்று மாறினாலும்கூட, விடியும்போது மில்லியனுக்கு 3000 பங்குக்கு மேல் நிற்கும். வெளியே 420 அளவுதான். 1858இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் அறைக்காற்று கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாக வைத்த எல்லை 1000. அந்த வாயு அந்த அளவில் நஞ்சு அல்ல. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதைக் காட்டும் குறி அது. வீட்டில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சலோ காசநோயோ இருந்தால் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

இந்த அடைத்த அறை நமக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துத்தான் இந்த ஊரில் பல வீடுகள் எழுந்தன. அங்கே பார்த்த மாடிக் குடியிருப்பின் கண்ணாடி, சீலிங், மாபிள் எல்லாம் இங்கே வந்தன. ஆனால் அங்கே முறையாகக் கட்டிய மாடிக் குடியிருப்பில் சீலிங்குக்கு மேலே ஒரு குழாய்க் கூட்டம் ஓடும். குளியலறை, குசினிக் காற்றை அது உறிஞ்சி வெளியே அனுப்பும். வெளிக்காற்றை உள்ளே விட இன்னொரு வழி இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் நாம் கொண்டுவந்தோம்.

மேற்கும் இதே பிழையை விட்டிருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் குளிரையும் சூட்டையும் மிச்சம் பிடிக்கக் கட்டடங்களை இறுக்கினார்கள். ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று அங்குள்ள குளிரூட்டல் பொறியியலாளர் சங்கத்தின் விதி இறங்கியது. தலையிடி, கண்ணெரிவு, சோர்வு என்று அலுவலகங்களில் முறைப்பாடு பெருகியது. 1989இல் அதே விதியை 15 ஆக்கினார்கள், மூன்று மடங்கு.

5. கூரை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஸ்பெஸ்டஸ் சீற் சூட்டை அப்படியே கீழே இறக்கும். அதனால் சீலிங் அடிக்கிறோம். அது சரியான காரணம்தான். ஆனால் சீலிங் அடித்ததும் சுவர் உச்சியின் இடைவெளியும் முகட்டுத் துவாரமும் அறையிலிருந்து பிரிந்துபோகின்றன. சூடான காற்று ஒன்பது அடியில் தட்டுப்பட்டு நிற்கிறது. சீலிங்கில் ஒரு சல்லடைத் தட்டும், முக்கோணச் சுவரின் இரு முனையிலும் ஒரு துவாரமும் வைத்தால் கதை வேறு.

சீற்றைக் கழற்றுகிறவர்கள் கேட்க வேண்டியது இது. அந்தச் சீற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கு அஸ்பெஸ்டஸ் நார். நல்ல நிலையில் கூரைமேல் கிடக்கும்வரை ஆபத்துக் குறைவு. கிரைண்டரால் அறுக்கும்போது, உடைத்துப் போடும்போது, காய்ந்த தூசியை விளக்குமாற்றால் கூட்டும்போதுதான் நார் பறக்கிறது. அடைத்த வீட்டுக்குள் பறந்தால் அது வெளியே போகாது. அடுத்த பல வருடங்களுக்கு ஒவ்வொரு முறை கூட்டும்போதும் மறுபடி எழும்பும். நனைத்துக் கழற்றுங்கள், முழுச் சீற்றாக இறக்குங்கள், பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள்.

நீல அஸ்பெஸ்டஸை நமது நாடு 1987இல் தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் 2018 முதல் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்தது. அதற்குள் 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு கிடந்தது என்று ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பிய முக்கிய நாடு ரஷ்யா. சில நாட்களில் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. தேயிலையும் போகத் தொடங்கியது. ஒரு வண்டு நம் கூரைகளின் விதியைத் தீர்மானித்தது என்று எழுதினால் கதை என்பீர்கள்.

6. ஈரம்

மார்கழி, தை மாதங்களில் சுவரின் மூலையில் கறுப்பாகப் படர்கிறதே, அதைப் பார்த்ததும் பெயின்ற் வாங்குகிறோம். பெயின்ற் அடித்தால் ஒரு மாதம் மறையும்.

இங்கிலாந்தின் ரொச்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பில் இதுதான் நடந்தது. சுவரில் பூஞ்சணம் என்று 2017இலேயே தந்தை முறையிட்டார். பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற அவருடைய இரண்டு வயது மகன் இறந்தான். வீட்டில் நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். வீட்டில் போதிய காற்றோட்டம் இருக்கவில்லை என்பதும் விசாரணையில் வந்தது. அந்தச் சிறுவனின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 ஒக்டோபர் 27 முதல் அமுலில் இருக்கிறது. சமூக வீடுகளின் உரிமையாளர்கள் அவசர ஆபத்தை 24 மணித்தியாலத்தில் சரிசெய்ய வேண்டும்.

அது குளிர்நாடு, நமக்கு வெயில் இருக்கிறதே என்பீர்கள். வெயில் வெளியே இருக்கிறது. படுக்கையறையோடு சேர்த்த குளியலறை, அதன் யன்னல் நடு அறைக்குள் திறப்பது, மேலே ஏசி. இப்படி ஒரு வீட்டை வாடைக் காலத்தில் நினைத்துப் பாருங்கள். குளித்த ஈரம் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. ஈரம் ஏறிய எம்டிஎப் பலகை அலுமாரியும் சும்மா இருப்பதில்லை. அதன் பசையிலிருந்து கசியும் ஃபோர்மல்டிஹைட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கூடுதலாகக் கசியும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அதை வகைப்படுத்தியது. புது அலுமாரியின் வாசனை என்று நாம் சொல்வதில் அதுவும் இருக்கிறது. வெளிச்சுவரில் துவாரமில்லாத குளியலறையை வீட்டுக்குள் சேர்ப்பதைவிட, நாலடி நடந்து போய்க் குளிப்பது மேல்.

7. கணக்கு வைப்பவர் யார்?

1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. மறு வருடமே, 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. பக்கத்து வீடு உங்கள் வெளிச்சத்தையும் காற்றையும் எவ்வளவு மறைக்கலாம் என்பதற்கு அறுபத்து மூன்றரை பாகைக் கோணம் என்று அளவு வைத்த சட்டம் அது. இன்றும் வரைபடம் வரைபவர்கள் அந்தக் கோணத்தைப் போடுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் புதிதாகக் கட்டும் வீட்டை நினைத்து எழுதியது. கிண்ணியாவில் நடப்பதோ கூட்டுவதும் மூடுவதும். சீலிங் அடிக்க, அலுமினிய யன்னல் மாற்ற, பென்ட்ரி போட யார் நகர சபைக்கு வரைபடம் கொடுக்கிறார்கள்? கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். இருக்கிற கோப்புகளே நகர சபையில் குவிந்து கிடக்கின்றன.

நான் கேட்பது மேசனிடம். வீட்டில் முதலில் கால் வைப்பவர் அவர், கடைசியில் பூசி முடிப்பவரும் அவர். எந்த வேலைக்கு வந்தாலும், தொடங்கும் முன் ஒரு தாளில் வீட்டைக் கோடிழுத்து, ஒவ்வொரு அறைக்கும் காற்று எதனால் நுழைகிறது, எதனால் வெளியேறுகிறது என்று அம்புக்குறி போடட்டும். வெளியேறும் அம்பு இல்லாத அறை எது என்று வீட்டுக்காரருக்குக் காட்டட்டும். பிறகு ஓடாவியும் அலுமினிய வேலைக்காரரும் சீலிங் அடிப்பவரும் வரும்போது அந்தத் தாள் சுவரில் இருக்கட்டும். ஓர் அம்பை அடைப்பவர் இன்னொன்றைத் திறந்துவிட்டுப் போக வேண்டும்.

தாள் இல்லாதவர்கள் சாம்பிராணியை வைத்துப் பார்க்கலாம். இழைப்பு உள்ளவர்களை வெளியே இருத்திவிட்டு, ஒரு சிட்டிகை போட்டுக் கதவைச் சாத்தி, புகை எங்கே போகிறது என்று கவனியுங்கள். உச்சியில் ஒரு மூலையில் சுருண்டு நின்றால் துவாரம் போட வேண்டிய இடம் அந்த மூலைதான்.

எந்த அறையில் தொடங்குவது என்று கேட்பீர்கள். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் படுக்கிற பின் அறையில் தொடங்குங்கள். பெரும்பாலும் அது குசினிக்கு அடுத்த அறை. வீட்டிலேயே வயது கூடிய நுரையீரல்கள் அங்கேதான் இருக்கின்றன. வளைக்குக் கீழே வெளிச்சுவரில் ஒன்பது அங்குல உயரம், பதினெட்டு அங்குல அகலத்துக்குக் கல்லைத் தட்டி எடுங்கள். உள்ளே வலை, வெளியே மழைத்தட்டு. எதிர்ச்சுவரிலும் அப்படியே ஒன்று. ஒரு மேசனுக்கும் ஒரு கையாளுக்கும் அது ஒரு நாள் வேலை. சீலிங் அடிப்பவரை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள்.